சிங்கப்பூர் முதல் பாங்காக் வரை: ரயிலா, பஸ்ஸா, விமானமா?

எட்டு நாள், மூன்று நாடு, கூட அம்மா. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூர், பினாங்கு பார்த்துவிட்டு, பாங்காக்கிலிருந்து சென்னைக்குத் திரும்புவது என்று முடிவு செய்தோம். ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். திரும்பவும் சிங்கப்பூருக்கே வந்து விமானம் ஏறினால் ஒரு நாள் வீணாகும் என்பதால், போக ஒரு ஊர், வர வேறு ஊர் என்று டிக்கெட் எடுத்தோம். இந்த மாதிரிப் பயணத்துக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

எதில் போவது என்று பார்க்கும்போது விமானம் எத்தனை மணி நேரம் பறக்கிறது என்ற கணக்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டல் அறையைப் பூட்டியதிலிருந்து அடுத்த ஊரில் அறைச் சாவி வாங்கும் வரை எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை தடவை பெட்டியைத் தூக்க வேண்டும், இந்த இரண்டைத்தான் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் விடை வேறு வேறாக வருகிறது.

சிங்கப்பூர் – கோலாலம்பூர் முதலில். விமானம் ஒரு மணி நேரம்தான் பறக்கிறது. ஆனால் சாங்கி விமான நிலையம் போக முக்கால் மணி, இரண்டு மணி நேரம் முன்பே போய்க் காத்திருப்பு, இறங்கியதும் குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசை, அப்புறம் ஊருக்குள் வர விரைவு ரயில். கோலாலம்பூரின் கேஎல்ஐஏ விமான நிலையம் நகரத்திலிருந்து தூரம். விரைவு ரயிலிலேயே நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. பஸ்ஸுக்கும் ஐந்து, ஆறு மணி நேரம்தான், செலவு குறைவு, இருக்கை அகலம். அதனால் நாங்கள் பஸ்ஸில் போனோம்.

பஸ்ஸில் உள்ள சிக்கல் எல்லையில்தான். சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு தடவை இறங்க வேண்டும். மலேசியப் பக்கம் பெட்டிகளோடு இறங்கி, ஸ்கேன் செய்து, திரும்ப ஏற வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய சுற்றுலாக் குழு நின்றதால் வரிசை நகரவே இல்லை. அம்மாவைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்தபோது பஸ் போயிருந்தது. அதே கம்பெனியின் அடுத்த பஸ் வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பெட்டிகள் கையில் இருந்ததால் பிழைத்தோம். பஸ்ஸில் போவதானால் பஸ் எண்ணை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்துப் பக்கம் போகவே போகாதீர்கள்.

இப்போது ரயில் நல்ல போட்டியாக வந்திருக்கிறது. எல்லையில் உள்ள மலேசிய ஊரான ஜோகூர் பாரு வரைக்கும் மலேசியாவின் இடிஎஸ் மின்சார ரயில் 2025 டிசம்பரில் நீட்டிக்கப்பட்டது. அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்குச் சுமார் நாலரை மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து ஜோகூர் பாருவுக்கு எல்லையோர உட்லண்ட்ஸில், எல்லை தாண்ட மட்டும் ஓடும் தெப்ராவ் ரயில் ஏறினால் ஐந்தே நிமிடம். வடக்கே போகும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். அறைக்கு அறை ஏழு மணி நேரம் ஆகும், பஸ்ஸைவிட அதிகம்தான். ஆனால் உங்களை விட்டுவிட்டு வண்டி போய்விடும் என்ற பயம் இல்லாமல் குடிநுழைவைத் தாண்டலாம். வயதானவர்கள் கூட வந்தால் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தெப்ராவ் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடி எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தை ஒட்டி இல்லை, மார்சிலிங்கிலோ உட்லண்ட்ஸிலோ இறங்கி பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். இன்னொன்று: சிங்கப்பூரிலிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), ஜோகூரிலிருந்து வர 5 மலேசிய ரிங்கிட். அதே ஐந்து நிமிடப் பயணம், வரும்போது மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான் செலவு.

கோலாலம்பூர் – பினாங்குக்கு அலசலே தேவையில்லை, ரயில்தான். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் நான்கு மணி நேரத்தில் போகிறது. நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். படகு கால் மணி, இருபது நிமிடத்தில் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் விட்டுவிடும். பள்ளி விடுமுறை, நோன்புப் பெருநாள் சமயத்தில் மட்டும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

உண்மையான போட்டி பினாங்கு – பாங்காக்கில். விமானம் இரண்டு மணி நேரத்துக்குள் பறக்கும், அறைக்கு அறை ஆறு மணி நேரம். வேன் பிடித்து தென் தாய்லாந்தின் ஹாட் யாய் போய், அங்கிருந்து ரயில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் முழுக்க ரயிலில் போனோம், பினாங்கில் காலையில் கிளம்பி மறுநாள் காலை வரை. முன்பு பட்டர்வொர்த்திலிருந்தே பாங்காக்குக்கு ஒரே வண்டி இருந்தது. இப்போது எல்லையில் உள்ள பாடாங் பெசாரில்தான் பாங்காக் வண்டி ஏற வேண்டும். அதுவரை பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில், இரண்டு மணி நேரத்துக்குள், மிகக் குறைந்த கட்டணம்.

பாடாங் பெசார் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே நிலையக் கட்டடத்தில் இருக்கிறார்கள். இங்கே மலேசியாவிலிருந்து வெளியேறும் முத்திரை, சில அடி நடந்தால் தாய்லாந்தில் நுழையும் முத்திரை. அம்மா பெட்டியை உருட்டிக்கொண்டு தானே நடந்துவிட்டார். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். இதை மறந்து பாங்காக் வண்டியின் நேரத்தை மலேசிய நேரம் என்று நினைத்தால் ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். எதிர்த் திசையில் வருகிறவர்களுக்கு அதே குழப்பம் வண்டியையே தவறவிடச் செய்யும்.

இருட்டியதும் ரயில் ஊழியர் வந்தார். எதிரெதிர் இருக்கைகள் இரண்டையும் இழுத்து ஒன்றாக்கினார், மேலே மடக்கியிருந்த பெர்த்தைக் கீழே இறக்கினார், உறையைப் பிரித்து வெளுத்த விரிப்பைப் போட்டு, திரையை மாட்டிவிட்டு நகர்ந்தார். எல்லாம் இரண்டு மூன்று நிமிடம். கீழ் பெர்த் அகலம் அதிகம், விலையும் கொஞ்சம் அதிகம். அம்மாவுக்கு அதைத்தான் எடுத்திருந்தேன். ஓட்டலில் ஒரு இரவு வாடகை மிச்சம், விமானத்துக்காகச் செத்துப்போகும் அரை நாளும் மிச்சம். காலையில் பெட்சபுரிப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே வயலும் பனையுமாக ஓடியது. "இது நம்ம பனமரம்டா" என்றார் அம்மா. அதே மரம்தான். அந்தப் பக்கத்துப் பனஞ்சர்க்கரைக்கு தாய்லாந்து முழுக்கப் பெயர் உண்டு.

பாங்காக்கில் இறங்குவது குருங் தெப் அபிவத் நிலையத்தில். தெற்கு நோக்கிய நீண்ட தூர வண்டிகள் 2023 ஜனவரியிலிருந்து இங்கிருந்துதான். பழைய ஹுவா லாம்போங் நிலையத்தின் பக்கத்தில் அறை எடுத்துவிட்டுத் திண்டாடாதீர்கள். மெட்ரோ அங்கேயே இருக்கிறது.

ரயில் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. கையில் ஐந்து நாள்தான் என்றால் பினாங்கு – பாங்காக்கை மட்டும் விமானத்தில் போங்கள், மீதியைத் தரையில். நவம்பர், டிசம்பரிலும் அப்படித்தான் செய்வேன். நம் ஊரை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழை தென் தாய்லாந்தையும் விடாது. 2025 நவம்பரில் ஹாட் யாய் ஊரே வெள்ளத்தில் மூழ்கியது, ரயில்களும் பாதிக்கப்பட்டன.

காகித வேலை: இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். மலேசியாவுக்கு 2026 இறுதி வரை விசா வேண்டாம். தாய்லாந்து விதி மாறிக்கொண்டே இருக்கிறது, டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். மூன்று நாடுகளுக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். மூன்றும் இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. எட்டு நாளில் மூன்று எல்லை என்றால் இந்த வேலை நடுவில் விழும். ஒவ்வோர் அட்டைக்கும் எந்த நாள் நிரப்ப வேண்டும் என்று கிளம்பும் முன்பே போனில் அலாரம் வைத்தேன். தாய்லாந்து அட்டையை ஜார்ஜ் டவுனில் ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்து நிரப்பினேன், அம்மாவுடையதையும் சேர்த்துப் பத்து நிமிடம்.