பவுனா, பூமியா? குமரி மாவட்டத்துக் கணக்கு

வெளிநாட்டுச் சம்பளமோ ஓய்வூதியப் பணமோ கைக்கு வந்தால், குமரி மாவட்டத்து வீடுகளில் எழுகிற கேள்வி இதுதான்: பவுன் வாங்குவதா, பூமி வாங்குவதா? இருபது வருடம் தொடாமல் வைக்கப்போகும் பணத்துக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

2000ஆம் ஆண்டில் பவுன் விலை சுமார் 3,500 ரூபாய். 2025இல் அது 90,000 ரூபாயைத் தாண்டியது. இடையில் சறுக்கலும் உண்டு: 2012இல் வாங்கியவர் 2015இல் விற்றிருந்தால் நட்டம்தான். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று வாங்கிய அன்றே ஒரு பங்கு போய்விடும். நாணயமாக வாங்குவதே நல்லது. ஆனால் நாணயமோ நகையோ, பெட்டிக்குள் இருக்கும் தங்கம் குட்டி போடாது.

பூமி விளையும். எந்தப் பூமி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேற்கே குலசேகரம், அருமனை பக்கம் என்றால் ரப்பர். கன்று நட்டுப் பால் வெட்ட ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. வெட்டுக்கூலிக்கே கட்டாது என்று மரத்தைச் சும்மா விட்டவர்கள் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் போட்டது. விலை விழுந்தால் காத்திருக்கலாம். மரம் விழுந்தால் மறுபடியும் ஏழு வருடம்.

கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல் என்றால், பத்திரத்துக்கு முன்னால் வாய்க்காலைப் பாருங்கள். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரை நம்பித்தான் இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களும் விளைகின்றன. கும்பப்பூ பயிர் நிற்கும் தை மாதத்தில் நேரில் போய், கடைமடை வரை தண்ணீர் வருகிறதா, மேல்வயலை மனையாக்கியவர்கள் ஓடையை மூடிவிட்டார்களா என்று பாருங்கள். தண்ணீர் வராமல் போன வயலுக்கு மனை விலையைத்தான் சொல்வார்கள். அந்த விலையை நெல் ஒருநாளும் திருப்பித் தராது. வயலை மண் போட்டு மேடாக்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அந்த வயல் போனால் அடுத்த வயலும் போகும்.

அவசரத்துக்குத் தங்கம்தான். நகையை வைத்து அன்றைக்கே பணம் வாங்கலாம். நிலத்தை விற்க வில்லங்கச் சான்று, கூட்டுப் பட்டா, துபாயில் இருக்கும் பங்காளியின் கையெழுத்து என்று மாதங்கள் ஓடும். வாங்கும்போதும் பதிவுச் செலவு மதிப்பில் 9 சதவீதம்.

என் முடிவு: வீட்டில் ஒருவராவது வாரம் தவறாமல் வயலில் இறங்குவார் என்றால், தண்ணீர் உறுதியான பூமி. எல்லோரும் வெளியூரில் என்றால் தங்க நாணயம். பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விட்டுவிட்டு எட்டிப் பார்க்காத பூமியில் வரப்பு ஒவ்வொரு வருடமும் நகரும்.

மகளுக்குப் பவுன், மகனுக்குப் பூமி என்று பிரிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பல வீடுகளில் அந்தப் பவுன் புகுந்த வீட்டுத் தேவைக்கு அடகு போய்த் திரும்புவதே இல்லை. 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமே இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தது. இப்போது 10 லட்சம் ரூபாய் வரையிலான விவசாய நிலத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரலிலிருந்து இந்தச் சலுகை நடப்பில் இருக்கிறது.