ஓப்பன் சோர்ஸுக்குப் பணம் அனுப்பும் சேவைகள்: வளரும் நிறுவனத்துக்கு எது பொருந்தும்?

ஐந்து பேர் கொண்ட நிறுவனம் ஐம்பது பேராக வளரும்போது, அதன் தயாரிப்புக்கு அடியில் கிடக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளின் (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்தக் கோட் தொகுப்புகளின்) எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடிவிடுகிறது. அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் பல நிறுவனங்களில் இருக்கிறது. "சரி, எந்த வழியாக அனுப்புவது?" என்று கணக்குப் பிரிவு கேட்கும் இடத்தில்தான் அது நின்றுபோகிறது. அதனால் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ், ஓப்பன் கலெக்டிவ், தேங்க்ஸ்.டெவ் ஆகிய மூன்று சேவைகளையும் ஒரு நிறுவனத்தின் கண்ணோட்டத்தில் இங்கே மதிப்பிடுகிறோம்.

மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான். கணக்குப் பிரிவு சிரமமில்லாமல் செலுத்த முடிகிறதா? கொடுத்ததில் எவ்வளவு போய்ச் சேர்கிறது? யாருக்கும் பெயர் தெரியாத அடிமட்ட லைப்ரரி வரை அது போகிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் எங்களிடம் மதிப்பெண் அதிகம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, இணையத்தின் பாதுகாப்பான இணைப்புகளில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். எல்லோரும் பயன்படுத்தினார்கள், யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

கிட்ஹப் ஸ்பான்சர்ஸ்

2019 மே மாதம் தொடங்கிய சேவை. நிறுவனத்தின் கோட் ஏற்கெனவே, கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்தால் தொடங்க இதைவிட எளிதான வழி இல்லை. உங்கள் ரெப்போக்கள் (கோட் கிடங்குகள்) சார்ந்திருக்கும் திட்டங்களில் யாரெல்லாம் ஸ்பான்சர் பெறுகிறார்கள் என்று அதுவே பட்டியலிட்டுக் காட்டும். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்ப, பயனர் பெயரும் டாலர் தொகையும் கொண்ட சிஎஸ்வி ஃபைலை ஏற்றினால் போதும்.

கட்டணத்தைக் கவனியுங்கள். தனிநபர் கணக்கிலிருந்து அனுப்பினால் கட்டணம் எதுவும் இல்லை. நிறுவனக் கணக்கிலிருந்து அனுப்பினால் 6 சதவீதம் வரை பிடிப்பார்கள்: கார்டுக்கு 3, சேவைக்கு 3. இன்வாய்ஸ் முறைக்கு மாறினால் கார்டுக்கான 3 சதவீதம் மிச்சமாகும். ஆண்டுக்கு 10,000 டாலர் கொடுக்கும் நிறுவனத்துக்கு அது 300 டாலர். ஒரு சிறு லைப்ரரியின் பராமரிப்பாளருக்கு மாதம் 25 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம். இன்வாய்ஸில் முன்கூட்டியே மொத்தமாகச் செலுத்த வேண்டும். பிறகு அந்த இருப்பிலிருந்து மாதாமாதம் கழியும். கார்டு காலாவதியாகி ஸ்பான்சர்ஷிப் சத்தமில்லாமல் நின்றுபோகும் தொல்லையும் இதில் கிடையாது.

கட்டணம் இல்லை என்பதற்காகச் சில நிறுவனங்களில் ஒரு டெவலப்பரின் சொந்தக் கணக்கில் நிறுவனக் கார்டைப் போட்டு அனுப்புகிறார்கள். இதைச் செய்யாதீர்கள். பில் அவர் பெயரில் வரும், நிறுவனத்தின் பெயர் எங்கும் தெரியாது, அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் எல்லாம் அறுந்துவிடும். நிறுவனத்தின் சார்பில் ஸ்பான்சர் செய்ய, கிட்ஹப் கணக்கின் உரிமையாளருக்கும் பில்லிங் மேலாளருக்கும்தான் அனுமதி உண்டு. ஆகவே கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரை முதல் நாளே பில்லிங் மேலாளராகச் சேர்த்துவிடுங்கள்.

குறை என்னவென்றால், சேவையில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுப்ப முடியும். பதிவு செய்யாதவர், கிட்ஹப்புக்கு வெளியே கோட் வைத்திருப்பவர், ஆதரவில்லாத நாட்டில் இருப்பவர் ஆகியோர் பட்டியலிலேயே வரமாட்டார்கள். பட்டியலில் இருப்பவர்களில் நன்றாக எழுதிய அறிமுகப் பக்கம் வைத்திருப்பவருக்கே பணம் ஓடுகிறது. கணக்குப் பிரிவின் வசதிக்கு முதலிடம். அடிமட்டம் வரை எட்டுவதில் கடைசி இடம்.

ஓப்பன் கலெக்டிவ்

பலர் சேர்ந்து நடத்தும் திட்டங்களுக்கு இதுதான் சரி. வெப்பேக், பேபெல் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலான ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, செலவு பில்லைத் திட்டத்தின் நிர்வாகிகள் ஒப்புக்கொண்ட பிறகு பட்டுவாடா செய்கிறது. அதற்கு 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கிட்ஹப்பின் 3 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அதிகமாகத் தெரியும். ஆனால் சட்டப்படி ஓர் அமைப்பே இல்லாத நான்கு தன்னார்வலர்களுக்கு வங்கிக் கணக்கு, வரி, ஒப்பந்தம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது. அந்த வேலைக்கு இது நியாயமான கூலி.

இந்தச் சேவையின் பெரிய பலம் திறந்த கணக்கு. வந்த ஒவ்வொரு டாலரும், போன ஒவ்வொரு டாலரும் யாரும் பார்க்கும்படி இருக்கும். அனுப்பும் முன் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பெருந்தொகை ஒரு வருடமாகச் செலவாகாமல் கிடந்தால் அந்தத் திட்டத்துக்குத் தேவை பணம் அல்ல, ஆள். அங்கே உங்கள் டெவலப்பரின் நேரத்தைக் கொடுங்கள். பணத்தை வேறிடம் அனுப்புங்கள். இந்த ஒரு பார்வையிலேயே பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுவோம். 2024இல் மூடப்போவதாக அறிவித்தது ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற வேறு அமைப்பு. ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் தனியானது, அது தொடர்கிறது. அடுத்தது, கணக்குப் பிரிவு வரிவிலக்கு ரசீது கேட்கும், கிடைக்காது. அமெரிக்கச் சட்டத்தில் இது அறக்கட்டளை வகை அல்ல, வணிகர் சங்கம் போன்ற 501(சி)(6) வகை. எனவே நன்கொடைத் தலைப்பில் எழுதாமல், மென்பொருள் செலவு அல்லது விளம்பரச் செலவாக எழுத முடியுமா என்று ஆடிட்டரிடம் பட்ஜெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் கேட்டால் அந்த வருடத்துத் தொகையே நின்றுபோகும்.

தேங்க்ஸ்.டெவ்

மூன்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது. குறைகளும் இதில்தான் அதிகம். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், உங்கள் ரெப்போக்களில் உள்ள சார்பு ஃபைல்களை (எந்தெந்த லைப்ரரிகள் தேவை என்ற பட்டியல்களை) படித்து, நேரடியாக நீங்கள் சேர்த்தவை, அவை சேர்த்தவை, அவற்றுக்கும் கீழே உள்ளவை என மூன்று அடுக்கு வரை இறங்கிப் பிரித்துக் கொடுக்கிறது. புகழ்பெற்ற ஃப்ரேம்வொர்க்குக்கு மட்டும் போகும் பணம், அதைத் தோளில் சுமக்கும் சிறு லைப்ரரிகளுக்கும் போகிறது. வேருக்கு நீர் ஊற்றும் வேலை இது.

கோளாறு எங்கே வருகிறதென்றால், ஜாவாஸ்கிரிப்ட் ரெப்போக்களில். ஒரு சாதாரண இணையச் செயலியின் லாக் ஃபைலில் (சார்புகளின் முழுப் பட்டியலில்) ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பொதிகள், அதாவது லைப்ரரிகள், இருப்பது சகஜம். எண்ணிக்கை பார்த்துப் பிரித்தால் மொத்தப் பணமும் அந்தப் பக்கமே சாயும். பத்தே சார்புகள் கொண்ட உங்கள் பைத்தான் சேவைக்கு ஒன்றும் மிஞ்சாது. எடைகளை மாற்றும் வசதியைப் பயன்படுத்தி, மொழிவாரியாக நீங்களே பங்கு வையுங்கள். கைவிட்ட ரெப்போக்களையும் சோதனைக்காகப் போட்டவற்றையும் முதலிலேயே விலக்குங்கள். மாதத் தொகை சிறிதாக இருந்தால் இந்தச் சேவையே வேண்டாம்: 100 டாலரை 300 பேருக்குப் பிரித்தால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். பதிவு செய்யாதவர்களுக்கு ஒதுங்கும் தொகை என்ன ஆகும் என்ற விதியையும் சேரும் முன் படித்துவிடுங்கள்.

மூன்று சேவைகளுக்கும் தெரியாத இடம்

2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருப்பது அம்பலமானது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைத் தோண்டிக் கண்டுபிடித்தார். அந்த லைப்ரரியைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தோள் கொடுக்க வந்தவர்போல் நுழைந்து, இரண்டு வருடங்களுக்கு மேல் நம்பிக்கையைச் சேர்த்துக்கொண்ட ஒருவர்தான் பின்கதவை வைத்தார்.

இப்போது உங்கள் ரெப்போவின் லாக் ஃபைலில் எக்ஸ்இஸட்டைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஜீலிப், கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவையும் அப்படித்தான். அவை கன்டெய்னரின் (செயலியைத் தேவையான மென்பொருள்களோடு ஓட்டும் பெட்டியின்) அடிப்படை இமேஜோடு இயங்குதளப் பொதிகளாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சார்பு ஃபைலைப் படித்துப் பட்டியல் போடும் எந்தச் சேவைக்கும் இவை தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. சிஃப்ட் என்ற இலவசக் கருவியை, நீங்கள் புரொடக்ஷனில் ஓட்டும் இமேஜின் மீது ஒரு முறை ஓட்டுங்கள். இயங்குதளப் பொதிகள் உட்பட எல்லாவற்றையும் பட்டியலிடும். நெட்வொர்க், குறியாக்கம், சுருக்கம், வெளியிலிருந்து வரும் ஃபைல்களைப் பிரித்துப் படித்தல் ஆகிய நான்கு வேலைகளைச் செய்பவற்றை மட்டும் தனியே எடுங்கள். ஒவ்வொன்றின் ரெப்போவிலும் கடந்த 12 மாதங்களில் யார் எத்தனை கமிட் (கோட் மாற்றப் பதிவு) செய்தார்கள் என்று 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையில் பாருங்கள். ஒரே பெயர் பட்டியலை ஆக்கிரமித்திருந்தால் முதலில் பணம் போக வேண்டியது அங்கேதான். மேல்பக்கச் சார்புகளுக்கு 'என்பிஎம் ஃபண்ட்' கட்டளை உதவும். நிதி கேட்கும் பக்கங்களின் முகவரியோடு பொதிகளைச் சேர்த்துக் காட்டும். பத்துப் பதினைந்து பொதிகள் ஒரே ஆளின் பக்கத்துக்குப் போவதை அங்கே பார்க்கலாம். அவருக்கு ஒரே தொகையாகக் கொடுப்பதுதான் பயன்.

மற்றவை சுருக்கமாக

லிபராபே என்ற நன்கொடைத் தளம் பங்கு எதையும் எடுப்பதில்லை. சிறு தொகைகளுக்கு நல்லது. டைட்லிஃப்ட் என்ற சேவையை வாங்குவதாக 2024 டிசம்பரில் சோனார் நிறுவனம் அறிவித்தது. பராமரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டுப் பாதுகாப்பு நடைமுறைகளுக்குப் பணம் கொடுக்கும் சந்தா முறை டைட்லிஃப்ட், கொஞ்சம் பெரிய நிறுவனங்களுக்கானது. ஃபவுண்டேஷன்களுக்குக் கொடுக்கும் முன் அவை எதற்குச் செலவு செய்கின்றன என்று பாருங்கள். பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2021 முதல் முழுநேர டெவலப்பரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. அப்பாச்சி ஃபவுண்டேஷன் சர்வர், சட்ட உதவி போன்றவற்றுக்குச் செலவிடும். கோட் எழுதுவோருக்குக் கூலி கொடுப்பதில்லை. அப்பாச்சியின் கீழ் வரும் லாக்4ஜே லைப்ரரியை எழுதுபவர்களுக்கு உதவுவதாக நினைத்து அங்கே அனுப்பினால் அது அவர்கள் கைக்குப் போகாது.

எவ்வளவு கொடுப்பது

2024 அக்டோபரில் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்ற உறுதிமொழி முயற்சி ஒரு தெளிவான எண்ணைச் சொல்கிறது: நிறுவனத்தில் உள்ள ஒவ்வொரு முழுநேர டெவலப்பருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 2,000 டாலர். 20 டெவலப்பர்கள் என்றால் 40,000. வளரும் நிறுவனத்துக்கு முதல் வருடமே இது கனமாக இருக்கலாம். கால்பங்கு, அதாவது 10,000 டாலரில் தொடங்குவது நடக்கக்கூடியது. நாங்கள் பரிந்துரைக்கும் பிரிப்பு: 6,000 டாலரை ஐந்து பராமரிப்பாளர்களுக்கு மாதம் தலா 100 டாலராக கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் வழியே, 2,400ஐ ஓப்பன் கலெக்டிவில் இரண்டு திட்டங்களுக்கு, மீதி 1,600ஐ அடிமட்டத்தில் கண்டுபிடித்த லைப்ரரிகளுக்கு, அவரவர் கேட்கும் வழியில். பட்ஜெட் இரட்டிப்பான பிறகு தேங்க்ஸ்.டெவ் பக்கம் போகலாம்.

யாருக்கு என்று மேலிடம் மட்டும் முடிவு செய்யாமல் இருப்பது நல்லது. இன்டீட் நிறுவனம் 2019இல் தொடங்கிய நிதியில், ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களித்த ஊழியர்களுக்கு மட்டும் வாக்கு. வென்ற திட்டத்துக்கு 10,000 டாலர். தொகையைச் சிறிதாக்கி இதே முறையை யாரும் நடத்தலாம். வாக்குக்காகவே ஆவணத் திருத்தம் அனுப்பத் தொடங்கி, பிறகு நிலையாகப் பங்களிக்கும் ஊழியர்கள் உருவாவார்கள்.

பணத்தோடு நேரமும் போக வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று காலண்டரில் கட்டிவையுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. அந்த நேரத்தில் புது வசதி எழுத வேண்டாம். ஏற்கெனவே திறந்திருக்கும் புகார்களை எடுத்து, பிழை மீண்டும் வருகிறதா என்று பார்த்து, குறைந்தபட்சப் படிகளை எழுதிக் கொடுங்கள்; பராமரிப்பாளரின் மாலை நேரங்களைத் தின்பது அந்த வேலைதான். கமிட் அனுப்பும் முன், ஊழியர் எழுதும் கோடின் உரிமை யாருக்கு என்பது வேலை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். கமிட்டின் கீழே 'சைன்டு-ஆஃப்-பை' வரி (இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) கேட்கும் திட்டங்களில், அதை எழுதும் உரிமை தனக்கு உண்டா என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பணம் கொடுத்தோம் என்பதற்காகப் பராமரிப்பாளரை சப்ளையராக நினைத்துவிடக் கூடாது. 2022 ஜனவரியில், லாக்4ஜேயில் வெளியான பாதுகாப்பு ஓட்டை பற்றிய பரபரப்பின்போது, கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து 24 மணி நேரத்தில் பதில் கேட்டுப் பாதுகாப்புக் கேள்விப் பட்டியல் வந்தது. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் பதில் தருவதாக அவர் எழுதினார். அப்படிப்பட்ட பதில் உங்களுக்குத் தேவை என்றால் அதற்குத் தனி ஒப்பந்தமும் தனிக் கட்டணமும் வையுங்கள். ஸ்பான்சர்ஷிப்பில் அது அடங்காது.

நிறுத்த நேர்ந்தால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மாதம் 100 டாலர் நிலையாக வருவதை நம்பி, வேறொரு பகுதிநேர வேலையைக் குறைத்துக்கொண்டவர் மறுமுனையில் இருக்கலாம். மூன்று சேவைகளிலும் எளிதாக ரத்து செய்துவிடலாம். அந்த நபருக்கு இரண்டு வரி எழுதுவது மட்டும் நம் கையில்.