85-இல் எதை வாங்குவது: 1.8-ஆ, 1.4-ஆ?

சோனி ஃபுல் ஃப்ரேம் பாடியோடு ஒரு ஜூம் லென்ஸை வைத்துக்கொண்டு கல்யாண வேலை பார்ப்பவர்கள் அடுத்து வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு 85 எம்எம் ப்ரைம்தான், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ். கையில் காசு சேர்ந்ததும் மூன்று லென்ஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்கள். (எஃப்-க்குப் பின்னால் வரும் எண் அப்பர்ச்சர்; எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது.) சோனி எஃப்இ 85 எஃப்/1.8, 2017-இல் வந்தது, 371 கிராம். சிக்மா 85 எஃப்/1.4 டிஜி டிஎன் ஆர்ட், 2020-இல் வந்தது, சுமார் 630 கிராம். சோனியின் 85 எஃப்/1.4 ஜிஎம் இரண்டாம் பதிப்பு, 2024-இல் வந்தது, 642 கிராம். 1.8-இன் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சிக்மா, மூன்று மடங்கு ஜிஎம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்குள்தான் உங்கள் பிழைப்பு என்றால் 1.8 போதும், மிச்சமாகும் பணத்தை ஒரு 35 எம்எம் லென்ஸுக்கு ஒதுக்குங்கள். அவுட்டோர் ஜோடிப் படங்கள்தான் வருமானம் என்றால் சிக்மா. ஜிஎம் சிலருக்குத்தான், அவர்கள் யார் என்பது பின்னால் வரும்.

1.4 வாங்குபவர்கள் சொல்லும் முதல் காரணம் வெளிச்சம். கணக்குப் பார்த்தால் 1.8-க்கும் 1.4-க்கும் இடையே முக்கால் ஸ்டாப்கூட இல்லை (வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்). 1.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 3200 என்றால் 1.4-இல் 2000. இப்போதைய பாடிகளில் அந்த வித்தியாசத்தை ஆல்பம் பார்க்கும் எந்தச் சித்தப்பாவும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதுவும் இன்றைய மண்டபங்களில் வீடியோ லைட்டும் எல்இடி திரையும் சேர்ந்து மேடையைப் பகலாக்கி வைத்திருக்கின்றன. அங்கே 1.4-ஐத் திறந்தால் ஷட்டர் 1/1000-க்கு மேல் ஏறும், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சாதாரண விளக்குகள் நொடிக்கு நூறு தடவை துடிப்பதால் 1/100 அல்லது 1/50-தான் நிம்மதி. (எல்இடி திரையின் துடிப்பு தனி ரகம், அதைச் சோதனைப் படம் எடுத்துத்தான் சமாளிக்க வேண்டும்.) ஆக, காசு கொடுத்து வாங்கிய அப்பர்ச்சரை நாமே மூடவேண்டி வருகிறது.

முகூர்த்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் பிடரிக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிறார், மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் பின்னாலிருந்து கை நீட்டுகிறார். பெண்ணின் கண்கள், மாப்பிள்ளையின் விரல்கள், நாத்தனாரின் முகம், மூன்றும் மூன்று தூரத்தில். மூன்று மீட்டரிலிருந்து 85 எம்எம் எஃப்/1.4-இல் தெளிவாக விழும் ஆழம் பத்து செ.மீ.தான். எஃப்/4 வைத்தால் முப்பது செ.மீ. கிடைக்கும், மூவரும் ஓரளவு தேறுவார்கள். எஃப்/4-இல் இந்த மூன்று லென்ஸும் எடுத்த படத்தைக் கலந்து வைத்தால் எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. அந்த நொடியில் கவலைப்பட வேண்டியது குறுக்கே பறக்கும் அட்சதையைப் பற்றி. ஃபோகஸ் பெண்ணின் முகத்தை விட்டு ஒரு மஞ்சள் அரிசிக்குத் தாவிவிட்டால் லென்ஸின் விலை காப்பாற்றாது.

அப்படியானால் 1.4-க்கு எங்கே மரியாதை? முழு உருவப் படத்தில்.

பின்னணி எவ்வளவு கரையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது லென்ஸின் துளை விட்டம். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ., 1.4-ஆல் வகுத்தால் 61 மி.மீ. முகத்தை மட்டும் எடுக்கும்போது இரண்டுமே பின்னணியைத் துடைத்துவிடும், வித்தியாசம் தெரியாது. தலை முதல் பாதம் வரை வேண்டுமென்றால் 85-க்குச் சுமார் ஐந்து மீட்டர் பின்னால் போக வேண்டும். அந்தத் தூரத்தில்தான் 1.8 திணறும்: தென்னந்தோப்பு பாதி மங்கி, பாதி அடையாளம் தெரிந்து, இலையெல்லாம் நசநசவென்று நிற்கும். 1.4-இல் அதே தோப்பு ஒரே பச்சையாக இளகிப் போகும். போஸ்ட் வெட்டிங் ஷூட்டுக்கு வருபவர்கள் காசு கொடுப்பது அந்த இளகலுக்குத்தான்.

ஆனால் உச்சி வெயிலில் 1.4-ஐ முழுசாகத் திறந்தால் ஐஎஸ்ஓ 100-இலும் ஷட்டர் 1/8000 பத்தாது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். முகத்து நிழலை நிரப்ப ஃபிளாஷ் அடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரமே வேண்டியிருக்கும். சிக்மாவுக்கும் ஜிஎம்-க்கும் 77 மி.மீ. ஃபில்டர், 1.8-க்கு 67. சோனி 35 எஃப்/1.4 ஜிஎம்-க்கும் 67 என்பதால் அந்த இரண்டு லென்ஸுக்கும் ஒரே ஃபில்டர் போதும். சின்ன விஷயம்தான், ஆனால் நல்ல என்டி ஃபில்டர் விலை தெரிந்தவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

1.8-ஐ நான் உண்மையிலேயே குறை சொல்லும் இடம் சரிகை. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது முந்தானையின் ஜரிகை இழைகளிலும் நெற்றிச்சுட்டியின் கற்களிலும், ஃபோகஸுக்கு முன்னால் இருப்பதில் ஊதா ஓரமும் பின்னால் இருப்பதில் பச்சை ஓரமும் விழும். லைட்ரூம் மென்பொருளில் ஊதாவை நீக்கலாம். மாம்பழ மஞ்சளில் கத்தரிப்பூ நிறக் கரை போட்ட பட்டு என்றால் கரையின் நிறமும் அதோடு வெளுக்கும், பிறகு பிரஷ் பிடித்து உட்கார வேண்டும். எஃப்/2.8-க்கு மூடினால் தொல்லை பெரும்பாலும் அடங்கும். சிக்மா இதில் எவ்வளவோ மேல். ஜிஎம் இரண்டாம் பதிப்பில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சிக்மாவின் குறை வேறு. எடையைக் குறைத்ததற்கு விலையாக, கோடுகளை நேராக்கும் வேலையை மென்பொருளிடம் விட்டிருக்கிறார்கள். திருத்தத்தை அணைத்துப் பார்த்தால் மண்டபத் தூண்கள் நடுவில் உள்பக்கமாக வளைந்து நிற்கும். கேமராவிலும் லைட்ரூமிலும் திருத்தம் தானாகவே நடப்பதால் பலர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். இன்னொன்று, சோனி பாடியில் வெளியார் லென்ஸ்களுக்கு நொடிக்கு 15 படம்தான் உச்சவரம்பு. கல்யாணத்தில் அதற்கு மேல் எடுப்பவர் எடிட்டிங்குக்குத் தனியாக ஆள் வைத்திருப்பார்.

சரி, 85-தான் வேண்டுமா? 135 எஃப்/1.8-இன் துளை 75 மி.மீ., 85 எஃப்/1.2-ஐ விடப் பெரிது. கரைப்பதில் அதற்கு நிகரில்லை. சோனி 135 ஜிஎம் மெட்டி, மோதிரம் அளவுக்கு நெருங்கவும் விடும். இந்த மூன்று 85-களும் 80 செ.மீ.க்குக் கிட்டே போனால் ஃபோகஸ் பிடிக்காது. ஆனால் 135-இல் முழு உருவத்துக்கு எட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மண்டபத்தில் அந்த எட்டு மீட்டருக்குள் சோஃபா வரிசை, ஜிம்பலோடு வீடியோக்காரர், போனைத் தூக்கிப் பிடித்த மாமா என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். மணமகள் அறை இதற்கு நேரெதிர். அலங்காரம் நடக்கும் அந்தச் சின்ன அறையில் 85-ஐப் பிடித்தால் முகம் மட்டுமே கிடைக்கும். பூ வைக்கும் அத்தை, கண்ணாடி, கட்டிலில் கிடக்கும் நகைப் பெட்டிகள் எல்லாம் வெளியே போய்விடும். இரண்டு மீட்டரில் முழு ஆளையும் பிடிக்கும் 35-க்கு அங்கே மாற்று இல்லை. 1.8-ஐ வாங்கி மிச்சத்தை 35-க்குக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஜிஎம். நடந்து வரும் ஜோடியை 1.4-இலேயே தொடர்ந்து எடுப்பவர்கள், அதே லென்ஸில் வீடியோவும் எடுப்பவர்கள், மாதம் முழுக்கத் தேதி நிறைந்தவர்கள் வாங்கலாம். ஃபோகஸ் ஒட்டிக்கொண்டே வரும், சத்தமும் இல்லை. தவணையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எதிர்வெளிச்சத்தில் ஒரு பட்டுப்புடவையைத் தொங்கவிட்டு சிக்மாவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2016-இல் வந்த முதல் ஜிஎம் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. 820 கிராம், மோட்டார் உறுமும், ஃபோகஸும் புதியதன் வேகத்தில் இல்லை. கண்ணாடி மட்டும் இன்னும் அழகானது. நின்று நிதானமாகப் போர்ட்ரெய்ட் எடுப்பவர் தாராளமாக வாங்கலாம். கடையிலேயே பாடியில் மாட்டி, கிட்டத்திலிருந்து தூரத்துக்கும் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் ஃபோகஸை ஓடவிட்டுப் பாருங்கள். உறுமல் அதன் பிறவிக்குணம். தட்டித் தடங்கி ஓடினால் மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.