நோட்புக்எல்எம்: "அன்னைக்கு ஏன் அப்படி முடிவெடுத்தோம்?"

கணக்குப் புத்தகத்தில் தொகை இருக்கும். அந்தத் தொகைக்கு ஏன் ஒத்துக்கொண்டோம் என்பது டைரியிலும் வாட்ஸாப்பிலும் சிதறிக் கிடக்கும். கூகுள் 2023இல் கொண்டுவந்த நோட்புக்எல்எம் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி அந்தச் சிதறலைக் கூட்டிச் சேர்த்துத் தருகிறது. நாம் ஏற்றிய கோப்புகளை வைத்தே பதில் சொல்லும். பதிலுக்குப் பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும். தொட்டால் மூல வரி திறக்கும். பண்ருட்டி முந்திரி மண்டிக்கோ கடலூர் முதுநகர் கிடங்குக்கோ இதைப் பரிந்துரைக்க அந்த எண் ஒன்றே போதும்.

கோப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்புக்கு நோட்புக் என்று பெயர். இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 கோப்பு, ஒரு கோப்புக்கு 5 லட்சம் சொல். நாளுக்கு ஒரு கோப்பாக ஏற்றினால் இரண்டு மாதத்துக்குள் இடம் தீரும். மாதக் குறிப்புகளை ஒரே கோப்பாக ஒட்டினால் நாலு வருஷத்துக்கு மேல் தாங்கும். கோப்பின் தலையில் "2024 டிசம்பர்" என்று மாதப் பெயரை எழுத்தில் போடுங்கள். 03/04 என்று மட்டும் இருந்தால் மார்ச்சா ஏப்ரலா என்று அதற்கும் குழப்பம்.

சிக்கல் பெரும்பாலும் வாட்ஸாப்பில்தான். உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட், மீடியா இல்லாமல் என்று போனால் எழுத்துக் கோப்பு கிடைக்கும். ஜிப்பாக வந்தால் பிரித்து ஏற்றவும். ஆனால் அதில் வாய்ஸ் மெசேஜ் வராது. எந்தச் செய்திக்கு யார் பதில் போட்டார் என்ற தொடர்பும் வராது. கட்டைவிரல் ரியாக்‌ஷனும் வராது. நம் ஊரில் பாதி முடிவு "சரிண்ணே"யில் முடிகிறது. எதற்குச் சரி என்று தெரியாத கருவி, மேலே இருக்கிற செய்தியோடு அதை முடிச்சுப் போட்டுவிடும். விலை பேசின இடங்களிலாவது மூல வரியைத் திறந்து பாருங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களை அப்படியே ஏற்றினால் வேலைக்காகாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். என்எச்எம் கன்வர்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றிவிட்டு ஏற்றவும்.

அலகு எழுதாத எண் இன்னொரு தொல்லை. முந்திரிக் குறிப்பில் வெறும் "47" என்று கிடந்தால், அது 80 கிலோ கொட்டை மூட்டையில் 47 பவுண்டு பருப்பு தேறும் என்ற அவுட்டர்ன் கணக்கா, வந்திறங்கிய மூட்டை எண்ணிக்கையா என்று கருவிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் ஏதோ ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விடும், அதுதான் ஆபத்து.

கேட்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. "கிடங்கைப் பற்றிச் சொல்" என்றால் வழவழவென்று ஒரு பத்தி வரும். "2015 வெள்ளத்துக்குப் பிறகு கிடங்குத் தரையைப் பற்றி என்ன முடிவு? காரணம் என்ன? எதை வேண்டாமென்று விட்டோம்? எழுதாமல் இருந்தால் எழுதவில்லை என்று சொல்" என்று கேட்டால் உருப்படியாக வரும். அதே கேள்வியை 2024இல் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை பெருகிய சமயத்துக் குறிப்புக்கும் போட்டு, இரண்டையும் தேதி வரிசையில் அடுக்கச் சொல்லலாம். இந்த இடத்தில் கருவி நன்றாகவே உழைக்கிறது. "என் எண்ணம் எப்படி மாறியது?" என்ற கேள்விக்கு மட்டும் அழகாகக் கதை கட்டும், இடையில் நாம் எழுதாத காரணத்தையும் செருகும். பக்கத்தில் மூல வரியின் எண் இல்லாத வாக்கியத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தமிழில் ஒலிவடிவச் சுருக்கமும் உண்டு. பஸ்ஸில் கேட்கலாம், முடிவெடுக்க உதவாது.

நோட்புக் ஒவ்வொன்றும் தனித் தீவு. ஒன்றில் கேட்டால் மற்றொன்றில் தேடாது. வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் தனித்தனியாக வைப்பது சரி, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்பது தப்பு. கூகுள் டாக்ஸில் பிறகு சேர்த்த வரி உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்து, வரவில்லையென்றால் ஒத்திசைவுப் பொத்தானைத் தட்டவும். பதிலுக்குக் கீழே இருக்கும் கட்டைவிரலைத் தட்டிக் கருத்து அனுப்பினால், உங்கள் கேள்வியையும் கோப்பையும் மனிதர்கள் பார்க்கக்கூடும். கொள்முதல் விலை இருக்கிற நோட்புக்கில் அதைத் தொடாதீர்கள்.