மெய்நிகர் இயந்திரத்துக்கான டிரைவர்களை எங்கிருந்து எடுப்பது?

லினக்ஸில் இயங்கும் கேவிஎம் என்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் இயந்திரத்தில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமையும் இன்னொரு கணினி) விண்டோஸ் நிறுவும்போது, எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் திரை வெறுமையாக நிற்பது பலரும் கண்ட காட்சியே. வட்டு இல்லாமல் இல்லை. மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே வகுக்கப்பட்ட விர்ட்ஐஓ வகையில் இணைக்கப்பட்ட அந்த வட்டை அறிந்துகொள்ளும் டிரைவர் விண்டோஸின் நிறுவல் கோப்பில் இல்லை, அவ்வளவுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இந்த டிரைவர்கள் 2008 முதலே இருப்பதால், எங்கே பதிவிறக்குவது என்ற கேள்வி பெரும்பாலும் உள்ளே விண்டோஸ் ஓடும் இயந்திரங்களுக்கே எழுகிறது.

தேடுபொறியில் டிரைவரின் பெயரைத் தட்டினால், எல்லா டிரைவர்களும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று அழைக்கும் தளங்களும், தானாகவே டிரைவர்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களும் வரிசைகட்டி நிற்கும். இவற்றை நான் ஒரு தெரிவாகவே கருதவில்லை. வட்டையும் வலையமைப்பையும் இயக்கும் டிரைவர் கெர்னலுக்குள் முழு அதிகாரத்துடன் ஓடுவது. அதை இடையில் கைமாற்றியவர் யார் என்று தெரியாத ஓரிடத்திலிருந்து எடுப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

உண்மையான போட்டி, ரெட் ஹாட் ஆதரவில் நடக்கும் ஃபெடோரா என்ற லினக்ஸ் திட்டம் இலவசமாக வெளியிடும் விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓ கோப்புக்கும் (சிடி வட்டின் கோப்பு வடிவம்), ரெட் ஹாட் நிறுவனத்தின் வணிக லினக்ஸான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் சந்தாதாரர்களுக்குக் கிடைக்கும் தொகுப்புக்கும் இடையில்தான். இரண்டுக்கும் மூலநிரல் ஒன்றே. அது மூலநிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. வேறுபாடு டிரைவரின் மூலத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்தில் இருக்கிறது. சந்தாவில் வருபவை மைக்ரோசாஃப்டின் வன்பொருள் சோதனைகளில் தேறி, அதன் சான்றிதழைப் பெற்றவை. ஃபெடோராவின் கோப்புகளுக்கு அந்தச் சான்று இல்லை என்பதோடு, துவக்கத்தின்போது கையொப்பங்களைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்கும் இயந்திரத்தில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இல்லாத டிரைவர்களை விண்டோஸின் சில பதிப்புகள் ஏற்றாது என்று அத்திட்டத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆகவே நிறுவனத்தின் முக்கியமான சர்வர்கள், செக்யூர் பூட் கட்டாயமான சூழல், சிக்கல் வந்தால் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்ற நிலை ஆகியவற்றில் சந்தாவுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. சோதனைக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் ஃபெடோராவின் ஐஎஸ்ஓ போதும் என்பதே என் முடிவு.

அங்கும் ஒரு கிளைத் தேர்வு உண்டு. நிலையான பதிப்பு, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் அண்மை வெளியீட்டில் இடம்பெற்ற டிரைவர்களை ஒத்தது. மற்றொன்று ஆகப் புதியது. ஆனால் அந்த அளவுக்குப் பரிசோதனைகளைக் கடந்திராதது. குறிப்பிட்ட ஒரு பிழைக்கான திருத்தம் புதியதில் மட்டுமே இருந்தாலன்றி, நிலையானதை விட்டு நகர வேண்டியதில்லை. பழைய பதிப்புகளின் காப்பகத்தையும் அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதால், புதிய டிரைவர்கள் கைவிட்டுவிட்ட விண்டோஸ் பதிப்புகளை ஓட்டுபவர்களும் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

மூலநிரலை எடுத்து நாமே தொகுக்கலாம் என்பது கொள்கையளவில் சரி. ஆனால் கையொப்பமற்ற டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. நாமே சோதனைக் கையொப்பம் இட்டு, விண்டோஸைச் சோதனை நிலைக்கு மாற்றினால் ஏற்கும். டிரைவரை மேம்படுத்துபவர்களுக்கே இந்த வழி பொருந்தும். மெய்நிகர் இயந்திரத்தின் திரையைத் தொலைவிலிருந்து காண உதவும் ஸ்பைஸ் திட்டத்தின் கருவித் தொகுப்பையும் பலர் பரிந்துரைப்பதுண்டு. எனினும் திரையையும் கிளிப்போர்டையும் கையாளும் அதே ஸ்பைஸ் பகுதிகள் இப்போது விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவின் நிறுவியிலேயே வந்துவிடுவதால், தனியாக அதைத் தேடுவதில் பயன் குறைவு.

ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடி இயக்கியாக இணைத்து, வெறுமையாக நின்ற அந்தத் திரையில் டிரைவரை ஏற்றும் பொத்தானை அழுத்த வேண்டும். வட்டு விர்ட்ஐஓ ஸ்கஸி வழியாக இணைந்திருந்தால் 'விஐஓஸ்கஸி' கோப்புறைக்கும், நேரடி விர்ட்ஐஓ வட்டாக இருந்தால் 'விஐஓஸ்டோர்' கோப்புறைக்கும் சென்று, அதற்குள் தங்கள் விண்டோஸ் பதிப்புக்குரிய உட்கோப்புறையைத் தேர்ந்தெடுத்தால் வட்டு தென்படும். ஏற்கெனவே பழைய இணைப்பு முறையான ஐடிஇ வட்டில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை விர்ட்ஐஓவுக்கு மாற்றுவோர், முதலில் சிறிய விர்ட்ஐஓ வட்டு ஒன்றைக் கூடுதலாக இணைத்து டிரைவரை நிறுவிக்கொள்வது நல்லது. நேரடியாக மாற்றினால், துவக்க வட்டை அணுக இயலவில்லை என்ற நீலத்திரையில் இயந்திரம் நின்றுவிடக்கூடும்.

மற்ற ஹைப்பர்வைசர்களில் (மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்களில்) இவ்வளவு தயக்கத்துக்கு இடமில்லை. விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் அந்த மென்பொருளுடனேயே வருகிறது; இரண்டின் பதிப்பும் ஒத்திருந்தால் போதும். ஹைப்பர்-வி சார்ந்த டிரைவர்கள் இன்றைய விண்டோஸிலேயே உள்ளடங்கியிருக்கின்றன. புதுப்பிப்பும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துசேரும். விஎம்வேரைப் பொறுத்தவரை, உள்ளே லினக்ஸ் ஓடினால் அந்த லினக்ஸின் களஞ்சியத்தில் உள்ள ஓபன்-விஎம்-டூல்ஸே சிறந்தது. விண்டோஸுக்கு, ஹைப்பர்வைசருடன் வரும் டூல்ஸ் ஐஎஸ்ஓவையே முதலில் நாடலாம். தனியே பதிவிறக்குவோர், 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பிறகு பதிவிறக்கங்கள் அதன் தளத்துக்கு இடம்பெயர்ந்ததை நினைவில் கொண்டு, பழைய வழிகாட்டிகளில் உள்ள இணைப்புகளை நம்பாமல் அங்கேயே செல்ல வேண்டும்.