புகைக்கூண்டை இடித்துக் கூரையை அடைக்கப் போகிறீர்களா? என் 26,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 26,500 ரூபாய்! சமையலறைக் கூரையில் இரண்டடிக்கு இரண்டடி ஓட்டையை அடைக்க. இந்த நிமிடமும் அங்கே தண்ணீர் சொட்டுகிறது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு விறகடுப்புக் காலத்தில் கட்டியது. அடுப்பு மேடைக்கு நேர் மேலே தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் செங்கல் புகைக்கூண்டு. கேஸ் வந்த பிறகு அதில் குடித்தனம் நடத்தியது புறாக்கள்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் இடித்து அடைத்துவிடலாம் என்று, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிந்தேன். பெயர் போடவில்லை, புகார் நடக்கிறது.

வந்த ஆள் பேசிய பேச்சு இருக்கிறதே! மாடி ஏறி, சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். காகிதம் கேட்டு வாங்கிப் படம் வரைந்தார். "ஓரத்தைக் கொத்திப் பழைய கம்பியை வெளிய எடுத்து, புதுக் கம்பி சேர்த்துக் கட்டுவோம் சார். கீழ தாங்கறதுக்குச் சென்ட்ரிங் பலகை அடிச்சு முக்கால் ஜல்லி காங்கிரீட். ஒரு வாரம் பாத்தி கட்டித் தண்ணி. அப்புறம்தான் மேல தட்டோடு." சொன்ன முறையில் ஒரு குறையும் இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். அம்மாவிடம் திரும்பி, "எங்க வீடு மாதிரி நினைச்சுப் பண்றேம்மா" என்றார். அம்மா மத்தியானச் சாப்பாடே போட்டார்கள். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. அதில் வரைந்த ஒரு கம்பிகூடக் கூரைக்குள் போகவில்லை.

செயலி வழியாக 8,500. மீதி 18,000, "மெட்டீரியல் கடைக்கு உடனே போடணும் சார்" என்று அவருடைய சொந்த எண்ணுக்கு. நான் ஆபீஸில் இருந்த ஒரே பகலில் வேலை முடிந்துவிட்டது. ஜல்லி, மணல் வந்து இறங்கியதற்கு என்று சொல்லி அம்மாவிடம் ஓ.டி.பி. வாங்கியிருக்கிறார். வேலை முடிந்தது என்பதற்கான ஓ.டி.பி. அது!

முதல் கனமழையிலேயே நான்கு ஓரமும் கசிந்தது. போன் செய்தால், "புதுசு சார், செட் ஆகட்டும்." பிறகு, "மழை விடட்டும்." மழை விட்டது, "பசங்க தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்காங்க." அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. செயலிக்காரர்களோ, "வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள், 18,000 எங்கள் வழியாக வரவில்லை" என்கிறார்கள். வருத்தம் தெரிவித்துக் குளியலறை கழுவ 300 ரூபாய்க் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். போனது 26,500, வந்தது கூப்பன்.

தெரிந்த கொத்தனார் ஒருவரை வைத்துக் கொத்திப் பார்த்தோம். கம்பியே இல்லை. அடியில் தெர்மாகோல் அட்டை, அதன் மேல் இடித்த கூண்டின் செங்கல் துண்டுகள், மேலாக இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை, அதை மறைக்க வெள்ளைப் பெயிண்ட். ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல், சிமெண்ட் பால் அடிக்காமல் ஊற்றினால் புதுக் கலவை பழைய காங்கிரீட்டைப் பிடிக்காதாம். காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும், தண்ணீர் நேராக அதில் இறங்கும். "மேல யாராச்சும் கால் வெச்சிருந்தா அடுப்பு மேலதான் விழுந்திருப்பாங்க" என்றார். அம்மா வடாம் காயப்போடும் இடம் சார் அது!

என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கம்பி கட்டியதைக் கண்ணால் பார்த்துப் படம் எடுக்காமல் காங்கிரீட் போட விடாதீர்கள். ஒரே நாளில் முடிப்பேன் என்றால், காங்கிரீட் இறுகுவதற்கு அவர் தண்ணீர் கட்டப்போவதில்லை என்று அர்த்தம். மேலே தண்ணீரைத் தேக்கிக் கசிகிறதா என்று பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். கூண்டில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருந்தால் உடைக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பணத்தைச் சொந்த எண்ணுக்குக் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி திருச்சிப் பக்கம் யாராவது ஏமாந்திருந்தால் ரசீதோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனு போடலாம்.