ஏற்காட்டுத் தோட்டத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பா, டோலமைட்டா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்துகொண்டு ஏற்காட்டில் நாலைந்து சென்ட் வைத்திருக்கும் உறவினர்கள் எல்லாருக்கும் ஒரே ஆதங்கம்தான். இங்கே கடற்கரை மணலில்கூட எருவைக் கொட்டினால் கத்திரி காய்க்கிறது. அங்கே இலைமக்கு நிறைந்த மண்ணில் பீட்ரூட் கோலிக்குண்டு அளவுக்கு மேல் பருக்க மாட்டேன் என்கிறது.

காரணம் மண்ணின் அமிலத்தன்மை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காலங்காலமாகப் பெய்யும் மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து இறக்கிவிடுகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பாக்சைட் (அலுமினியத் தாது) கிடைக்கும் மலை என்பதை நினைவில் வையுங்கள். பி.எச் என்பது அமில-கார அளவு, 7-க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும். அது 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும், மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) செடிக்குக் கிடைக்கவிடாது. எங்கள் பாத்தியில் பீன்ஸ் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. வேர் குட்டையாகத் தடித்து, நுனி பழுப்பேறி, பக்கவேரே இல்லாமல் இருந்தது. தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும் வேர்முடிச்சு பெயருக்குக்கூட இல்லை. இப்படிப்பட்ட மண்ணில் எருவை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பலனில்லை.

நம் பக்கம் நிலக்கடலைக்குப் போடும் ஜிப்சத்தை மலைக்குத் தூக்கிப் போகாதீர்கள், அது அமிலத்தைக் குறைக்காது. மரச்சாம்பல் குறைக்கும். ஆனால் ஒரு பாத்திக்குப் பரவாயில்லை, தோட்டத்துக்குக் காணாது. ஆக, போட்டி கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புக்கும், மக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் வகையான டோலமைட்டின் தூளுக்கும் நடுவில்தான்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு நமக்குக் கைக்கு எட்டும் பொருள். பரங்கிப்பேட்டைப் பக்கத்து உறவினர் யாராவது ஒரு மூட்டை கொடுத்தனுப்பினால் விருத்தாசலம், ஆத்தூர் வழியாகக் காரிலேயே ஏற்றிப் போய்விடலாம். வேகமும் அதிகம். சாதாரண சுண்ணாம்புக்கல் தூளின் அமிலம் முறிக்கும் திறனை 100 என்று வைத்தால், நல்ல டோலமைட்டுக்குச் சுமார் 109, சுத்தமான நீற்றிய சுண்ணாம்புக்குச் சுமார் 135. தூவிய இரண்டு மூன்று வாரத்தில் நடவு செய்யலாம். மலையிலேயே குடியிருந்து பாத்தியைத் தினம் பார்க்கிறவர் என்றால், அளவாகப் போட்டு இதை வைத்தே சமாளிக்கலாம். மாட்டெருவோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும்.

அப்படியிருந்தும் நாங்கள் டோலமைட்டுக்குத்தான் போனோம். விலையும் வேகமும் ஒருபக்கம் இருக்கட்டும். நாம் அங்கே இல்லை என்பதுதான் விஷயம். பள்ளி விடுமுறைக்கும் நீண்ட வார இறுதிக்கும் போய்வருகிறவர்கள் நாம். சுண்ணாம்பில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் பி.எச் மளமளவென்று 7-ஐத் தாண்டிவிடும். உடனே இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் போய், நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் வெளுக்கும். தினம் பார்க்கிறவர் உடனே கண்டுபிடிப்பார். நாம் அடுத்த விடுமுறைக்குப் போய்ப் பார்ப்பதற்குள் அந்தப் பட்டமே போயிருக்கும். ஏறிய பி.எச்சைக் கந்தகம் போட்டு இறக்கவும் மாதக்கணக்கில் ஆகும். டோலமைட் அப்படிப் பாயாது. மண்ணில் அமிலம் இருக்கும்வரை மெல்லக் கரையும், அமிலம் குறையக் குறையக் கரைவதும் மந்தமாகிவிடும். கொஞ்சம் கூடிப்போனாலும் தாங்கும். ஆளில்லாத தோட்டத்துக்கு இந்த நிதானம்தான் வேண்டும்.

கிளிஞ்சலில் அவ்வளவாக இல்லாத மக்னீசியமும் இதில் கிடைக்கிறது. மழை கரைத்துக்கொண்டு போன இரண்டு சத்தும் ஒரே தூளில் திரும்பி வருகிறது. டோலமைட் போட்ட பாத்தியில் பின்னால் போட்ட பீன்ஸில் வேர்முடிச்சு இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, வேலை செய்கிற முடிச்சு என்பதற்கு அதுதான் அடையாளம்.

எல்லாச் செடிக்கும் இது வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்தியை விட்டுவிடுங்கள், அமிலம் குறைந்தால் கிழங்கில் சொறிநோய் கூடும். ஹைட்ரேஞ்சியா நீலமாகவே பூக்க வேண்டும் என்றாலும் பக்கத்தில் தூவாதீர்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ் பாத்திகளுக்குப் போடுங்கள்.

நான் சொல்வது ஏற்காட்டு அனுபவம். ஊட்டி, கொடைக்கானல் மண்ணில் நான் கை வைத்ததில்லை, அங்கே அளவு மாறலாம். எங்கே என்றாலும் முதலில் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். எருக்குழி, வரப்பு, மர நிழல் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவத்தில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்திப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அரைக் கிலோ போதும். சிபாரிசு ஹெக்டேருக்கு 2 டன் என்று வந்தால் சென்டுக்கு 8 கிலோ கணக்கு.

டோலமைட் வேலை செய்ய மாதங்கள் ஆகும் என்பதால் கோடை மழை ஈரத்திலேயே தூவி அரையடிக்குக் கொத்திவிடுங்கள், ஆடி ஆவணி நடவுக்குள் அமிலம் கொஞ்சமாவது குறைந்திருக்கும். வாங்கும்போது ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தால் வாங்கலாம். நறநறவென்றிருக்கும் குருணை வருஷக்கணக்கில் கரையாமல் அப்படியே கிடக்கும்.